டிரம்ப் வரி செல்லாது: அம்பத்தூருக்கு என்ன கிடைக்கும்?

‘டிரம்ப் போட்ட வரி செல்லாது’ என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2026 பிப்ரவரி 20 அன்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அப்பாடா, இனி நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஆர்டர் கொட்டும்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

வழக்கு என்ன?

1977-ம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டம், இறக்குமதியை ‘ஒழுங்குபடுத்த’ அதிபருக்கு அதிகாரம் தருகிறது. அதை வைத்துத்தான் பல நாடுகள் மீதும் டிரம்ப் வரி போட்டார். இந்தியாவுக்கு 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50%. குழந்தைகளுக்கான கல்வி பொம்மை விற்கும் ஒரு கம்பெனி, ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், 12 மாநிலங்கள் என்று பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். வரி போடுவது நாடாளுமன்றத்தின் வேலை, ‘ஒழுங்குபடுத்து’ என்றால் ‘வரி போடு’ என்று அர்த்தம் இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சரியான தீர்ப்புதான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 265-வது பிரிவும் சொல்கிறது.

அப்போ சிக்கல் எங்கே?

ரத்தானது அந்த 1977 சட்டத்தின் கீழ் போட்ட வரி மட்டுமே. ஸ்டீல், அலுமினியத்துக்கு 50%, கார் உதிரிபாகங்கள் பலவற்றுக்கு 25% என்பதெல்லாம் 1962-ம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தில், தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போட்டவை. இந்தத் தீர்ப்பு அவற்றைத் தொடவே இல்லை. அதாவது, எஸ்டேட்டில் தைக்கிற சட்டைக்கு இந்தத் தீர்ப்பால் பலன் உண்டு. பக்கத்து ஷெட்டில் லேத்தில் கடைகிற கார் பாகத்துக்கு இல்லை. சட்டைக்கும் முழு நிம்மதி கிடையாது. தீர்ப்பு வந்த அன்றே, 1974-ம் ஆண்டின் வேறொரு சட்டத்தை எடுத்து 10% வரி அறிவித்தார் டிரம்ப். நாடாளுமன்றம் நீட்டிக்காவிட்டால் அதன் ஆயுள் 150 நாள்.

கட்டின பணம் திரும்புமா?

திரும்பினாலும், அது வரி கட்டிய அமெரிக்க இறக்குமதியாளருக்குத்தான். ‘வரியில் பாதியை நீங்க ஏத்துக்கோங்க’ என்று பையர் கேட்டு, விலையைக் குறைத்துக்கொடுத்த நம்ம ஊர் சின்ன யூனிட்டுக்கு அதில் சட்டப்படி நேரடி உரிமை இல்லை. இத்தனைக்கும் அந்தத் தள்ளுபடி வந்தது ஓனர் லாபத்தில் இருந்து மட்டுமா? ஓவர்டைம் குறைந்த கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் சம்பளத்தில் இருந்தும்தான்.

அதனால், எக்ஸ்போர்ட் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, தீர்ப்பைக் கொண்டாடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கு. உங்கள் சரக்கு எந்தச் சட்டத்தின் வரியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு, கொடுத்த தள்ளுபடிக்கான மெயில்களை எடுத்து வைத்துக்கொண்டு, ‘ரீஃபண்ட் வந்தால் எங்களுக்கும் பங்கு’ என்று பையரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஒப்பந்தத்திலும் அதை ஒரு ஷரத்தாகவே போடுங்கள். வாஷிங்டன் நீதிபதிகள் அதிபரின் அதிகாரத்துக்குத்தான் எல்லை போட்டார்கள். பையரிடம் நம்ம பங்கைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.