பாத்திரம் யார் கழுவுவது?

"வயசானதும் நாம எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுலதான் இருக்கணும்." எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது யாராவது இப்படி எழுதுவார்கள். எல்லாரும் இதயம் போடுவோம். அதோடு சரி.

போன மாதம் குழுவில் ஒருத்தியின் அம்மா, தனியாக வசிப்பவர், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மாலையில் மகள் வந்து கதவைத் திறக்கும்வரை அந்த மாடியில் யாருக்கும் தெரியாது. அம்மா இப்போது நலம். ஆனால், அந்தப் பழைய வாக்கியத்தை அதன் பிறகு யாரும் எழுதவில்லை. இதை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இருக்கிறார்கள். டென்மார்க்கில் போடில் கிராவே என்பவர் 1967ல், பிள்ளைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்துக் கூடியவர்களின் முயற்சியில் 1972ல் சேட்டடாமன் குடியிருப்பு உருவானது. 27 வீடுகள், ஒவ்வொன்றிலும் சொந்தச் சமையலறை. அதோடு எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட ஒரு பொதுவீடு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கேத்ரின் மெக்கமன்ட்டும் சார்ல்ஸ் டுரெட்டும் 1988ல் இதை நூலாக எழுதி, 'கோஹவுசிங்' என்ற பெயரைப் பரப்பினார்கள்.

இன்று அமெரிக்காவில் இந்த ஆர்வலர்களுக்கென்றே தேசிய மாநாடு நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது பேருந்துப் பயணம். சுற்றுவட்டாரத்தில் உள்ள குடியிருப்புகளுக்கு அழைத்துப் போகிறார்கள். கார்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு, வீடுகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடவும் பெரியவர்கள் நின்று பேசவும் பாதை விட்டிருப்பதை நேரில் பார்க்கலாம். எவ்வளவு செலவானது, எத்தனை வருடம் பிடித்தது என்று அங்கே வசிப்பவரிடமே கேட்கலாம்.

அரங்கில் நிலம், வங்கிக் கடன் எல்லாம் பாடம். ஆனால், கூட்டம் நடத்துவது எப்படி, சண்டை வந்தால் என்ன செய்வது என்ற அமர்வுகள்தான் முக்கியம் என்பேன். கல் ஊன்றும் முன்பே கலைந்துபோகும் குழுக்கள் பல. பல குடியிருப்புகளில் பெரும்பான்மை வாக்கு செல்லாது. எல்லாரும் ஒப்பும்வரை பேசுகிறார்கள். சில இடங்களில் வண்ண அட்டை வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் நிறுத்து. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் ஒன்றா இரண்டா என்பதற்கே மூன்று கூட்டம் நடந்தது. அட்டை இருந்திருந்தால் எல்லாமே சிவப்புதான்.

தேநீர் இடைவேளையில் வீடு தேடுபவரும், ஆள் தேடும் குழுவும், பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். வரைபடம் போட்டவரைவிட, பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்தவரிடம்தான் கேட்க நிறைய இருக்கும்.

சிங்கப்பூரில் நண்பர்கள் சேர்ந்து நிலம் வாங்கிக் கட்டுவது நம் சம்பளத்துக்கு நடக்கிற காரியமில்லை. தோழியின் அம்மா தம்மால் முடிந்ததைச் செய்துவிட்டார்: எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் ஒரு சாவி.

நேற்றிரவு குழுவில் எழுதினேன்: "முதல் ஞாயிறு எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து சமைக்கலாம். பாத்திரம் யாரு கழுவுறது?"

ஏழு இதயம் வந்தது. பதில் ஒன்றுதான்: "பேப்பர் பிளேட் வாங்கிடலாமா?"