ஓட்டை போடறவர் மேல பழி போடாதீங்க

போன மாசம் பாத்ரூம்ல ஒரு கண்ணாடி ஷெல்ஃப் மாட்டணும். நாலே நாலு ஓட்டை. வேலைக்கு வந்தவர், "சார், இது விட்ரிஃபைடு டைல். டைமண்ட் பிட் வாங்கிக் குடுத்துடுங்க"ன்னு முதல்லயே சொன்னார். "அதெல்லாம் எதுக்குங்க, பார்த்துப் போடுங்க"ன்னேன், பெரிய இவனாட்டம்.

மூணாவது ஓட்டையில 'டக்'னு ஒரு சத்தம். டைல் குறுக்கால கோடு விழுந்துடுச்சு. நான் பேசின பேச்சை இங்க எழுத முடியாது. கூலியில 200 ரூபாய் பிடிச்சுக்கிட்டேன். அவர் எதுவும் பேசாம போயிட்டார்.

அப்புறம்தான் உறைச்சது. தப்பு என்னோடது.

அவர்கிட்ட இருந்தது கான்கிரீட் பிட். அது இடிச்சு இடிச்சு ஓட்டை போடற ஜாதி. கான்கிரீட் அந்த இடியைத் தாங்கிப் பொடியும். விட்ரிஃபைடு டைலோ கண்ணாடி மாதிரி, ஓரிடத்துல விரிசல் விட்டா ஓடிக்கிட்டே போகும். டைமண்ட் பிட் இடிக்காது, தேய்க்கும். சந்தனக் கட்டையைக் கல்லுல இழைக்கிறோமே, அந்த மாதிரி. குழாய் மாதிரி உள்ள காலியா இருக்கும், வாய் ஓரத்துல மட்டும் வைரத்தூள். வைரம்னதும் பர்ஸைத் தொட்டுப் பார்க்காதீங்க! மோதிர வைரம் இல்ல, ஃபேக்டரியில செய்யற செயற்கை வைரம்தான். அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1954லயே அதைச் செஞ்சுட்டாங்க.

சில விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. ஹேமரை ஆஃப் பண்ணணும். பிட்டைச் சாய்ச்சு வெச்சு ஆரம்பிச்சு, பிறை மாதிரி தடம் விழுந்ததும் மெதுவா நிமிர்த்தணும். நிதான வேகம், லேசான அழுத்தம் போதும். சூடு ஏறினா பிட் சீக்கிரம் வீணாப் போயிடும், அதனால தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும். மெஷின் மேல தண்ணி படக் கூடாது. பேட்டரி மெஷினா இருந்தா நல்லது.

தண்ணிக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டைல்ஸ், கிரானைட் தூசியில சிலிக்கா இருக்கு. அதை வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ் வரும். நுரையீரல் கெட்டா கெட்டதுதான், பழையபடி ஆக்க மருந்து கிடையாது. நமக்கு ஒரு நாள் தூசி, அவருக்கு அதுதான் தினசரி. தண்ணி ஊத்தினா தூசி பறக்காம சேறா வழிஞ்சுடும்.

அதனால நான் சொல்றது இதுதான். டைலுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றோம். பிட்டும் அந்தக் கணக்குல சேர வேண்டியதுதான், கூலிக்காரர் தலையில கட்டறது நியாயமில்ல. அவர் கேட்டும் வாங்கிக் குடுக்காம விட்டா, உடைஞ்ச டைல் நம்ம கணக்கு.

அடுத்த வாரம் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். 200 ரூபாயையும், புது பிட்டையும் கையில குடுத்தேன். தண்ணி ஊத்தினது அடியேன். நாலாவது ஓட்டை வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "முதல்லயே வாங்கியிருந்தா ஒரு டைல் மிச்சம் சார்."

டிஸ்கி: விரிசல் விட்ட டைலை மாத்தல. பல் தேய்க்கும்போதெல்லாம் கண்ணுல படுது. படட்டும் :-)