நாற்காலிக்குப் பின்னால்

ஊர் பார்க்க வேண்டுமென்றால் நம்மவர்கள் உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ டிக்கெட் வாங்குவார்கள். சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் வாங்கிய டிக்கெட் தாம்பரத்துக்கு. மின்சார ரயிலிலிருந்து இறங்கி, பஸ் ஏறி, சேலையூர், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் போய்ச் சேர்ந்தோம். "மேடவாக்கத்தில் பார்ப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். முதலில் சாப்பிடுவதற்கு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம்.

கூட்டுரோட்டுக்கு அருகில் ஒரு ஹோட்டலில் நுழைந்தோம். வெண்பொங்கலில் நெய்யும் மிளகும் தாராளமாக இருந்தன. காப்பி நுரை ததும்ப வந்தது. குறை ஒன்றே ஒன்றுதான். முதல் கவளத்தை வாயில் வைத்ததிலிருந்து, நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே பின்னால் நின்றது. அவர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பார்வை இலையில் மீதியிருந்த பொங்கலை அளந்துகொண்டேயிருந்தது. அந்த நிலையில் அமிர்தமும் அவசரமாகத்தான் உள்ளே இறங்கும்!

பிறகு சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் பெரும்பாக்கத்துக்குப் போனோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்ப்பரப்பு அங்கே கண்ணுக்கு விரிகிறது. பழைய ஜனங்கள் அதைக் கழுவெளி என்பார்கள். அங்கேயும் ஒரு பந்தி நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீரைத் துழாவிற்று; மீன் பட்டதும் அலகு மூடிக்கொண்டது. தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டி உண்டன. குளிருக்கு அஞ்சி மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வாத்துகளும் அப்பந்தியில் உண்டு. ஒருவர் இலையில் மற்றொருவர் கை வைக்கவில்லை.

அப்போதுதான் இந்தப் பந்திக்குப் பின்னால் நிற்பவர்களைக் கவனித்தோம். சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். வடக்கே பெருங்குடியில் நகரத்தின் குப்பைமேடு. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த சதுப்பு இது. 2022-ம் வருஷம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக இது அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர்தான். ஹோட்டலில் நின்ற குடும்பமாவது நாம் எழுந்திருக்கும் வரையில் பொறுத்திருந்தது. நாமோ, பறவை உண்டுகொண்டிருக்கும்போதே இலையை இழுத்துவிட்டோம். "நாம்" என்று தெரிந்துதான் எழுதுகிறோம். ஜனங்கள் எங்கேயாவது குடியிருக்கத்தானே வேண்டும்? ஜனங்கள் இல்லாவிட்டால் நமக்குப் பொங்கலும் இல்லை.

ஆயினும் இது பறவைகளின் விஷயம் மட்டுமன்று. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் இறங்கி, கடைசியில் இந்தக் கழுவெளிக்குத்தான் வந்து சேருகிறது. இங்கே இளைப்பாறிய பின்னரே ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலில் கலக்கிறது. இலை சுருங்கிவிட்டால் பரிமாறியது தரையில் வழியாமல் என்ன செய்யும்? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தப் பக்கத்து வீடுகளில் புகுந்த வெள்ளம் இந்தக் கணக்கைச் சொல்லிற்று. ஊரின் பெயரில் மேடு இருக்கிறது என்று நீர் தயங்கி நிற்பதில்லை.

எஞ்சியதையேனும் விட்டுவைப்பது தர்மம் என்பதோடு, அதுவே நமக்குப் பிழைக்கும் வழியுமாகும். குழந்தைகளை ஒரு நாள் பெரும்பாக்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணால் பார்த்த பந்தியைக் கலைக்க அவர்களுக்கு மனம் வராது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அதே ஹோட்டலுக்குத் திரும்பினோம். ஓர் இடமும் காலியில்லை. இம்முறை நின்றவர்கள் நாம். நாற்காலியின் முதுகைப் பிடிக்காமல், இரண்டடி தள்ளியே நின்றோம்.