சீனி வருத்தமும் பிரசவமும்: கையொப்பத்துக்கு முன்னால்

"சீனி கூட, ஒப்பரேஷன்தான்" என்று வார்ட்டில் சிங்களத்தில் சொன்னார்களாம். என் தங்கை கையொப்பம் வைத்துவிட்டாள். பிள்ளையின் நிறை என்ன, காத்திருந்தால் என்ன ஆபத்து என்று கேட்க அவளிடம் மொழி இருக்கவில்லை. 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது 1987இல்!

கர்ப்பகால நீரிழிவு என்றாலே சிசேரியன் என்று நம் ஊர்களில் முடிவு கட்டிவிடுகிறோம். பிரித்தானியாவின் 'நைஸ்' வழிகாட்டல் அப்படிச் சொல்லவில்லை. வேறு சிக்கல் இல்லாவிட்டால் 40 வாரமும் 6 நாளும் வரை பார்க்கலாம். அதற்குள் நோவு வராவிட்டால்தான் மருந்து கொடுத்து வலி வரவைப்பதோ சிசேரியனோ. பிள்ளை பெரிதென்று ஸ்கேன் காட்டினால் இரு வழிகளின் நன்மை தீமையையும் தாய்க்கு விளக்க வேண்டும். தோள் சிக்கும் ஆபத்து மெய்யானது. ஸ்கேன் சொல்லும் நிறை பிழைப்பதும் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. உண்மையிலேயே ஒப்பரேஷன் தேவைப்படும்போது "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் சுகப்பிரசவம்தான்" என்று தடுக்கும் மாமிமாரையும் கண்டிருக்கிறேன்.

மச்சிக்கு இப்போது 34 வாரம், அவளுக்கும் சீனி. பயிற்சிக் கலாசாலையில் படித்த அரைகுறைச் சிங்களத்தில் மூன்று கேள்விகளை எழுதி, அவளது கிளினிக் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.