பூங்காவை ஒப்பந்தத்தில் விடலாம். பொறுப்பையும் விட்டு விடலாமா?



உங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவை ஒரு மாலை நேரத்தில் சுற்றிப் பாருங்கள். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். ஊஞ்சலின் ஒரு சங்கிலி அறுந்து தொங்கும். கழிப்பறையில் பூட்டு தொங்கும். அதிகாரியிடம் கேட்டால், "கான்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்பார். கான்ட்ராக்டரோ, "பில் பாஸ் ஆகவில்லை" என்பார். கவுன்சிலர், "நிதி இல்லை" என்று முடித்து விடுவார். மூவரும் கை கழுவிய பிறகு அந்தப் பூங்காவுக்கு யார்தான் பொறுப்பு?

ஒப்பந்த முறையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வேலையை வெளியாருக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் கடமையை யாருக்கும் கொடுத்து விட முடியாது. இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே சாட்சி.

அங்கே தாட்சர் அரசு 1988ம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தது. குப்பை அள்ளுதல், தெரு கூட்டுதல் ஆகியவற்றோடு பூங்கா, மைதானப் பராமரிப்பையும் உள்ளாட்சி மன்றங்கள் கட்டாயம் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்றது அந்தச் சட்டம். மன்றத்தின் சொந்த ஊழியர்களே அந்த வேலையைச் செய்ய வேண்டுமானாலும் தனியாரோடு போட்டியிட்டு வென்றாக வேண்டும்! விளைவு என்ன? பல பூங்காக்களில் நாள் முழுதும் இருந்து கவனித்த தோட்டக்காரர் போனார். வண்டியில் வந்து இறங்கி, புல்லை வெட்டி விட்டு அடுத்த இடத்துக்கு ஓடும் குழு வந்தது. பூங்காக்களின் சீரழிவைப் பற்றி 1999ல் நாடாளுமன்றக் குழுவே அறிக்கை தரும் நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம், விலையோடு தரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. 2000 ஜனவரியில் கட்டாய டெண்டர் முறை முடிவுக்கு வந்தது.

நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே 1998ம் ஆண்டின் ஒப்பந்தப் புள்ளிகளில் ஒளிவு மறைவின்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் எழுதப்பட்ட அளவுகோல்படி ஒப்பிட்டு, குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைத் தர வேண்டும் என்கிறது அது. வேண்டியவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுப்பதைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் ஆவணத்தில் "பூங்காவை நன்கு பராமரிக்க வேண்டும்" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் எதை வைத்து ஒப்பிடுவது? எதை வைத்துக் குறை சொல்வது?

குறைந்த விலை கேட்டவர் அந்தக் குறைவை எங்கிருந்து எடுப்பார்? டீசல் விலை அவருக்காகக் குறையாது. உரத்தின் விலையும் குறையாது. அவர் கை வைக்க முடிந்தது கூலியிலும் ஆள் எண்ணிக்கையிலும்தான். ஏட்டில் எட்டுப் பேர் இருப்பார்கள். பூங்காவில் மூன்று பேர் இருப்பார்கள்!

ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிறுவனமே கொடுத்து விட்டு, அவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று 1970ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. ஆனால் மத்தியச் சட்டத்தில் 20 தொழிலாளர் என்றிருந்த வரம்பு இப்போது 50 ஆகி விட்டது. ஒரு சிறிய பூங்காவில் 50 பேரா வேலை செய்கிறார்கள்? எனவே கூலிக்கான பாதுகாப்பை நகராட்சியே ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாக வேண்டும்.

வேறு என்னென்ன எழுத வேண்டும்? புல் எந்த உயரத்தைத் தாண்டக் கூடாது? கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர்? வடகிழக்குப் பருவ மழையில் புல் வேகமாக வளருமே, அப்போது எத்தனை முறை வெட்டு? பட்டுப் போன செடியை யார் செலவில், எத்தனை நாளில் மாற்றுவது? உடைந்த ஊஞ்சலை எத்தனை மணி நேரத்துக்குள் அகற்றுவது? தவறினால் பில்லில் எவ்வளவு பிடித்தம்? இவை எழுத்தில் இருந்தால்தான் மேற்பார்வை செய்யும் அதிகாரியின் கையில் அதிகாரம் இருக்கும். எழுதினால் மட்டும் போதாது. முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்து, தேதியோடு பதிவு செய்து, அந்தப் பதிவைப் பார்த்த பிறகே பில்லில் கையெழுத்திட வேண்டும். ஒழுங்காக வேலை செய்தவருக்குக் காலத்தில் பணம் தருவதும் இதே நிர்வாகத்தின் கடமை. பில்லை மாதக் கணக்கில் முடக்கி வைத்தால் நேர்மையான ஒப்பந்ததாரர் அடுத்த டெண்டருக்கு வரவே மாட்டார்.

வணிகப் பெருமக்களே! கடைக்கு வரும் மூட்டையை எடை போடாமல் நீங்கள் இறக்கியதுண்டா? சரக்கைப் பார்க்காமல் பணம் கொடுத்ததுண்டா? நீங்கள் கட்டும் சொத்து வரியிலும் தொழில் வரியிலும் நடக்கும் வேலையை மட்டும் ஏன் எடை போடாமல் விடுகிறீர்கள்? உங்களில் யாரேனும் இப்படிப்பட்ட டெண்டர் எடுப்பதாக இருந்தால், ஆட்களுக்கு முழுக் கூலி கொடுத்த பிறகும் கட்டுப்படியாகும் விலையை மட்டுமே போடுங்கள்.

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ம் ஆண்டு முதல் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் அதே சட்டம் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. அடுத்த கூட்டத்துக்கு ஒப்பந்த நகலோடும் பூங்காவின் புகைப்படத்தோடும் போங்கள். கூச்சல் வேண்டாம். ஒப்பந்தத்தின் வரியைப் படித்துக் காட்டி, படத்தை நீட்டி, இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

பெரிய வீடும் தோட்டமும் உள்ளவனுக்குப் பூங்கா தேவையில்லை. ஒண்டுக் குடித்தனத்தில் வளரும் பிள்ளைக்கும், மூச்சு வாங்கி உட்கார இடம் தேடும் முதியவருக்கும் அதுதான் முற்றம். அது ஊரின் அமானிதம். அதைக் காப்பதற்கு யாரை நியமித்தாலும், கணக்குக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்!