பிள்ளைக்கு மட்டும் ஏன் வெறுந்தலை?



கம்பம், உத்தமபாளையம் சாலைகளில் ஃபஜ்ருக்குப் பின் நாள்தோறும் நாம் காண்பது இது: தந்தை தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டுகிறார், பெட்ரோல் டேங்கின் மேல் மக்தபுக்குச் செல்லும் பிள்ளை தொப்பியுடன் அமர்ந்திருக்கிறது. சற்றே வளர்ந்த பிள்ளைகள் மிதிவண்டியில் வெறுந்தலையாகச் செல்கின்றனர். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் விரையும் நேரமும் அதுவே.

கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், தவக்குல் வேண்டும்" என்கின்றனர். அபராதத்துக்கு அஞ்சித் தம் தலையை மூடுகிறவர், பிள்ளையின் உயிருக்கு மட்டும் தவக்குல் பேசுவது எவ்வகை நியாயம்?

நபி (ஸல்) அவர்களைவிடத் தவக்குல் மிக்கவர் யார்? உஹதில் அவர்கள் இரும்புத் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 8இல் மக்காவுக்குள் வெற்றியுடன் நுழைந்தபோதும் அவர்களின் தலையில் கவசம் இருந்ததை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கக் கற்பித்தவர்களும் அவர்களே.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, மோட்டார் சைக்கிளில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்டோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் கவசமும், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம்; வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. மிதிவண்டி ஓட்டும் பிள்ளையை இப்பிரிவு கட்டுப்படுத்தாது. அங்கே அபராதம் இல்லை, அமானிதம் உண்டு. மறுமையில் அதற்குக் கணக்கும் உண்டு.

வாங்கினால் மட்டும் போதாது. வளர்ந்தபின்னும் உதவும் என்று பெருநாள் சட்டையைப் பெரிதாக எடுக்கலாம். கவசத்தை அவ்வாறு எடுக்கலாகாது. மிதிவண்டிக் கவசத்தின் விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குள் நிற்க வேண்டும். பக்கப் பட்டைகள் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஓரிரு விரல்களே நுழைய வேண்டும். பிள்ளை தலையை உலுக்கினாலும் கவசம் நகரலாகாது. தடித்த தொப்பியின் மேல் அணிந்தால் அது சரியாகப் பொருந்தாது. தொப்பி பையில் இருக்கட்டும், மக்தபில் அணிந்துகொள்ளலாம். பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள். உள்நுரை நசுங்கியபின் அது மீண்டும் காக்காது.

ஜமாஅத் நிர்வாகிகளே! மக்தப் வாசலில் செருப்புக்கு அலமாரி வைத்திருக்கிறோம். கவசத்துக்கும் ஒரு தட்டு வையுங்கள். ஜும்ஆவில் இதை ஒருமுறையேனும் பேசுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பேணும் பொறுப்புணர்வை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.