காலி அலமாரியின் சாவி

உள்ளாட்சி பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் உத்திரமேரூரில்தான் தொடங்குகிறார்கள். குடவோலை, பராந்தகன், ஆயிரம் ஆண்டு ஜனநாயகம். அந்தக் கல்வெட்டை முழுக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி. இந்த வாசலில் எந்தப் பெண் நுழைந்திருக்க முடியும்? அந்த நிலத்தை உழுதவர்தான் நுழைந்திருக்க முடியுமா? சதுர்வேதிமங்கலத்துச் சபையின் விதிகளை நம் மூதாதையர் எல்லோருடைய ஜனநாயகம் என்று வகுப்பில் சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

நகராட்சியின் கடமைகளைப் பாருங்கள்: தண்ணீர், குப்பை, சாக்கடை, விளக்கு, கழிப்பறை. வீட்டுக்குள் பெண் தலையில் கட்டிய வேலைகள்தாம் இவை. வீட்டில் சம்பளமில்லை. தெருவுக்கு வந்ததும் பதவியும் டெண்டரும் சேர்ந்துகொண்டன, ஆண்களும் வந்துவிட்டார்கள்.

1688இல் உருவான சென்னை மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. அந்த இடைவெளியில் நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போனது. 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்த மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டோடு பெண்கள் 1996இல் உள்ளே வந்தபோது, அலமாரியைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகரத் திட்டமிடலும் குடிநீரும் நகராட்சிக்குரியவை என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

2016இல் இடஒதுக்கீடு ஐம்பது விழுக்காடானது. அதே ஆண்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தலோ 2022இல்தான் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள் ஆண்டார்கள். பாதி இடம் கிடைத்த கையோடு மன்றத்தையே பூட்டிவைத்ததைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

பெண் கவுன்சிலர் கணவரின் பொம்மையாம். சில வார்டுகளில் உண்மைதான், மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நிறைவேற்று அதிகாரத்தை ஆணையரிடமும் தண்ணீரை வாரியத்திடமும் வைத்துக்கொண்டு மன்றத்தையே பொம்மையாக்கிய அரசுகளைப் பார்த்து இப்படி யாரும் சிரிப்பதில்லை. கழகங்கள் இரண்டும் இதில் ஒரே கட்சி.

குடிநீர் வாரியத்தை மாமன்றத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். லாரி வராத தெருவில் குடத்தோடு நிற்கிறவள் சண்டைக்குப் போவது தான் ஓட்டுப்போட்ட கவுன்சிலர் வீட்டுக்கு. அந்தக் கவுன்சிலர் ஃபோன் போடுவது வாரியப் பொறியாளருக்கு. அவர் எடுத்தால் உண்டு.